தாடைக்குத் தகுதிச் சான்றிதழ்

அந்த நகரத்து லிஃப்டுகளில் பாதி அவருடைய கையெழுத்தில்தான் ஏறி இறங்கின. மீதிப் பாதி அவருடைய கையெழுத்துக்காக நின்ற இடத்திலேயே நின்றன. லிஃப்ட் ஆய்வாளர் என்பது பதவி; அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘சீல்’. ஒரு லிஃப்ட் மேல் சந்தேகம் வந்துவிட்டால் மெயின் சுவிட்சைப் பூட்டி, அரக்கு வைத்து, சிவப்பு நோட்டீஸை ஒட்டிவிட்டுத்தான் அவர் தண்ணீரே குடிப்பார். “நாளைக்கு மந்திரி வராருங்க” என்று கையைப் பிசைந்த ஒரு கட்டட மேலாளரிடம், “படி இருக்கே, ஏறி இறங்கட்டும், அவருக்கும் தொப்பை குறையும்” என்று சொல்லிவிட்டு வந்தவர்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு லிஃப்டும் விழுந்ததில்லை. இதை அவரே சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவர் பக்கத்து நாற்காலியில் உட்காரத் தயங்கியதற்கு இதுதான் காரணம்.

அப்பேர்ப்பட்டவர் ராத்திரியில் பல்லைக் கடித்தார்.

கடித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அரைத்தார். படுத்த அரை மணியில் ஆரம்பித்து, விடிகிற வரை ஷிஃப்ட் போட்டு அரைத்தார். இதில் அடிபட்டது அவருடைய பற்கள் மட்டுமல்ல. அவர் மனைவி டவுன் பஸ் ஓட்டுநர். முதல் ட்ரிப் காலை ஐந்து மணிக்கு. அதற்கு அவள் மூன்றேமுக்காலுக்கு எழ வேண்டும்.

“கிளட்சை மிதிக்காம கியர் போடற சத்தம்ங்க அது,” என்பாள். “டிப்போவுல எவனாவது அப்படிப் போட்டா கைமேலயே ஒண்ணு வைப்பேன். உங்களுக்கு எங்க வைக்கிறது?”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“தூங்கறவருக்கு எப்படிக் கேக்கும்?”

“பன்னெண்டு மாடிக் கட்டடத்துல உச்சியில ஒரு ஆணி லூசா இருந்தா கீழயிருந்து சொல்லிடுவேன், தெரியுமில்ல?”

“தெரியும். ஊர்ல இருக்கற சத்தமெல்லாம் பிடிச்சாச்சு. சொந்த வாய்க்கு ஒருநாள் ஆய்வுக்குப் போங்க.”

பல் டாக்டரிடம் ராத்திரி உறை வாங்கி மாட்டிக்கொண்டதோடு சரி, ஆய்வுக்கு அவர் போகவில்லை. ஆய்வாளரை ஆய்வு செய்வதென்றால் மேலிடத்து உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று காலை, சிவப்பு விளக்கில் பஸ்ஸை நிறுத்தியவள் அப்படியே ஸ்டியரிங் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். விளக்கு பச்சையாகி, மறுபடி சிவப்பாகி, மறுபடி பச்சையான பிறகு ஒரு பயணி வந்து தோளைத் தட்டி எழுப்பினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் எச்சரிக்கைக் கடிதம் அவள் கைக்கு வந்தது. அவள் அதைக் கிழிக்கவில்லை, ஒளிக்கவில்லை. ஃப்ரிஜ் கதவில் ஒட்டிவைத்தாள். அவருடைய சிவப்பு நோட்டீஸைப் போலவே, கண்ணுக்கு நேரான உயரத்தில்.

“ஒரு மாசமா ஹால் சோபாவுல படுத்துப் பாத்துட்டேன்,” என்றாள். “கதவைத் தாண்டி வருது. முப்பதாம் தேதி வரைக்கும் பாப்பேன். ஒண்ணாம் தேதியிலேர்ந்து அக்கா வீட்டுல இருந்துக்கறேன். அங்கயிருந்து டிப்போ நடக்கற தூரம். கோபமெல்லாம் இல்லைங்க. தூக்கம் வேணும், அவ்வளவுதான்.”

கோபமில்லை என்று அவள் சொன்னதுதான் அவரைப் பயமுறுத்தியது. கோபமென்றால் இரண்டு நாளில் தணியும். இது ஏற்பாடு. ஏற்பாடு தணியாது.

மறுநாளே பல் டாக்டரிடம் போனார். அந்தம்மா எதையும் சுற்றி வளைத்துப் பேசாதவர். ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஏற்கெனவே இரண்டு பல் உறை செய்து கொடுத்திருந்தார். அந்த இரண்டையும் காகிதம் மாதிரி மென்று முடித்திருந்தார் சீல். மூன்றாவதை மேஜையில் வைத்து, கூடவே ஒரு நோட்டையும் திறந்து வைத்தார். கம்பி வடத்தின் தேய்மானத்தை அளக்கும் அதே வெர்னியரால் அந்த உறையைத் தினமும் காலையில் அளந்து, கடைவாய், முன்வாய், இடம், வலம் என்று நாலு கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். “என் சர்வீஸ்ல இப்படி ஒரு நோயாளி வந்ததில்லை.”

“எந்த வேலையும் பதிவேடு இல்லாம பண்றதில்லைங்க.”

“நல்ல பழக்கம். ஆனா பதிவேடு என்ன சொல்லுது தெரியுமா? அடுத்த உறை இருபது நாள் தாங்கும். அதுக்கப்புறம் பல்லுதான். பகல்ல கொஞ்சம் கவனிங்க. உதடு சேந்திருக்கணும், பல்லு சேரக் கூடாது, நாக்கு மேலண்ணத்துல சும்மா இருக்கணும். பல்லும் பல்லும் தொடறது சாப்பிடும்போது மட்டும்தான்.”

அவர் அப்போதே சோதித்துப் பார்த்தார். கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று இறுகக் கட்டிக்கொண்டிருந்தன. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே.

“ராத்திரிக்கு?”

“ராத்திரிக்கு என்கிட்ட உறைதான் இருக்கு. பின்பக்கத்துக் கட்டடத்துல ஆறாவது மாடியில ஒருத்தர் ஹிப்னோதெரபி பண்றார். சில பேருக்குக் குறைஞ்சிருக்கு, சில பேருக்குக் குறையல. நான் நம்பறேனான்னு மட்டும் கேக்காதீங்க. அவர் போர்டைப் பாத்தாலும் பயப்படாதீங்க.”

போர்டு பயப்படும்படிதான் இருந்தது. ஆளுயரத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. அதில் ‘ஆழ்மனச் சிற்பி’ என்று பொறித்து, கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பட்டங்கள். உள்ளே சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். சீல் ஒவ்வொன்றாகப் படித்தார். சான்றிதழைப் படிக்காமல் அவர் எந்த அறைக்குள்ளும் உட்கார்ந்ததில்லை. பதினான்கில் ஐந்தைக் கொடுத்தது ஒரே நிறுவனம். அந்த நிறுவனத்தின் தலைவராகக் கையெழுத்துப் போட்டிருந்தவரும், சான்றிதழைப் பெற்றிருந்தவரும் ஒருவரே.

சிற்பி வெள்ளை உடையில் மிதந்து வந்தார். குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்து, தேனில் தோய்த்து, வடிகட்டி வெளியே விட்டார்.

“வாருங்கள். தங்கள் பற்கள் பேசுகின்றன. அவற்றின் மொழி எனக்குத் தெரியும்.”

“என் சம்சாரத்துக்கும் தெரியும்,” என்றார் சீல். “எங்க படுக்கணும்?”

சாய்வு நாற்காலி, மங்கலான விளக்கு, எங்கிருந்தோ தண்ணீர் சொட்டும் இசை. எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தேடப் போன கண்ணைச் சீல் வலுக்கட்டாயமாக மூடினார். மூச்சை இழுக்கச் சொன்னார் சிற்பி, இழுத்தார். விடச் சொன்னார், விட்டார். கால் கனக்கிறது என்றார், உண்மையிலேயே கனத்தது. பரவாயில்லையே என்று சீலே நினைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் சிற்பி தன்னுடைய புகழ்பெற்ற உத்தியை எடுத்தார். இருபது வருஷமாக எல்லா நோயாளிக்கும் அவர் சொல்லிவரும் பாட்டு அது.

“இப்போது தாங்கள் பத்தாவது மாடியில், ஓர் அழகிய மின்தூக்கியின் முன் நிற்கிறீர்கள்.”

சீலின் புருவம் லேசாக எழுந்தது.

“கதவு ஓசையின்றித் திறக்கிறது.”

“மணி அடிக்கலையா?”

“…அடிக்கிறது. இனிமையாக அடிக்கிறது. தாங்கள் உள்ளே நுழைகிறீர்கள்.”

“இருங்க. எத்தனை ஆள் தாங்கும்னு பலகை இல்லை.”

“தாங்கள் ஒருவர்தான் செல்கிறீர்கள்.”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். லிஃப்டுக்குத் தெரிய வேண்டாமா? சரி, சொல்லுங்க.”

சிற்பி தொண்டையைச் செருமிக்கொண்டார். “மெதுவாக… மிக மெதுவாக… மின்தூக்கி கீழே இறங்குகிறது. ஒன்பது… எட்டு… ஒவ்வொரு மாடியிலும் பிடி தளர்கிறது…”

“எந்தப் பிடி?”

“எல்லாப் பிடியும். எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஏழு… விழுவது போல… மிதந்து… ஆழமாக…”

சீல் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. தாடை இரண்டும் பாறை போல் இறுகி, காதோரத்தில் நரம்பு துடித்தது.

“என்னங்க நீங்க, நடுவழியில பிரேக்கை விடச் சொல்றீங்க? பத்து மாடி ஆழம்.”

“ஐயா, இது கற்பனை மின்தூக்கி.”

“கற்பனையில ஆளை ஏத்தறீங்கல்ல? அப்ப கற்பனையில ஆய்வும் உண்டு. இந்த லிஃப்டை ஓட்டக் கூடாது.”

இருபது வருஷத்தில் சிற்பியின் மின்தூக்கி ஏழாவது மாடியில் நின்றது அதுதான் முதல் தடவை.

அதோடு போயிருந்தால் சிற்பிக்கு ஒரு மணி நேரம்தான் நஷ்டம். ஆனால் கீழே இறங்க சீல் நிஜ லிஃப்டில் ஏறினார். வரும்போதே அவருக்கு ஒரு நெருடல்: ஆறாவது மாடியில் அது தரைக்கு அரை விரல் கீழே நின்றிருந்தது. இப்போது தரைத்தளத்தில் அரை விரல் தாண்டி நின்றது. மூன்று முறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். மொட்டை மாடியிலிருந்த மெஷின் ரூமைத் திறக்கச் சொல்லிக் கையை விட்டுப் பார்த்தார். பிரேக் பட்டையில் எண்ணெய் கசிந்திருந்தது. பத்து நிமிஷத்தில் மெயின் சுவிட்ச் பூட்டப்பட்டு, அரக்கு வைக்கப்பட்டு, சிவப்பு நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

சிற்பி படியில் ஓடி வந்தார். தேன் குரலைக் காணோம்.

“என்ன சார் இது, என் நோயாளிங்கல்லாம் எப்படி ஏறுவாங்க?”

“கால் கனக்குதுன்னு சொல்லாம இருந்தீங்கன்னா ஏறிடுவாங்க. பிரேக்கை மாத்திட்டு எழுதிக் கொடுங்க, வந்து பாக்கறேன்.”

“எத்தனை நாளாகும்?”

“அது கம்பெனி மெக்கானிக் கையில இருக்கு,” என்றார் சீல். மெக்கானிக்குகளைத் தெரிந்த எவருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்த வாரம் சிற்பி முன்ஜாக்கிரதையாகக் கற்பனை லிஃப்டை விட்டுவிட்டுப் படிக்கட்டை எடுத்தார். பளிங்குப் படிகளில் சீல் இறங்கினார். நாலாவது படியில் கைப்பிடிக் கம்பி இல்லாததைக் கண்டார். அதை விட்டுக் கடற்கரைக்கு அழைத்துப் போனார் சிற்பி. சீல் அலையில் கால் நனைத்தார், ஆழம் எவ்வளவு, எச்சரிக்கைப் பலகை எங்கே என்று கேட்டார். மேகத்தில் படுக்கச் சொன்னபோது, “இது எதுமேல நிக்குது?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். சிற்பி அந்த வாரத்துக்கு அத்தோடு முடித்துக்கொண்டார்.

வீட்டில் நிலைமை மோசமாயிற்று. “போன வாரம் கியர் மட்டும்தான்,” என்றாள் மனைவி. “இப்ப இன்ஜினே இறங்கற மாதிரி இருக்கு. அந்த ஆள் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் குடுக்கறாரா, கூட்டறதுக்கா?” ஹால் மூலையில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. மூடி திறந்தபடி. தினமும் அதில் ஒரு துணி கூடியது. சீல் அதைப் பார்க்காத மாதிரி நடந்தார். நோட்டில் மட்டும் எண்ணிக்கொண்டார்: இன்னும் பதின்மூன்று நாள். அப்படி எண்ணும்போதே கடைவாய் இறுகியிருந்ததை உணர்ந்து, உதட்டைச் சேர்த்து, பல்லை விலக்கி, நாக்கை மேலே வைத்தார். இந்த ஒரு பாடத்தை அவர் பகலில் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் பகலில் அவர் அங்கே இருந்தார், பார்த்துக்கொண்டார். ராத்திரியில் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

மூன்றாவது தடவை போனபோது சிற்பி அவருக்குப் பின்னால் வந்துசேர்ந்தார். ஆறு மாடி ஏறியிருந்தார். வெள்ளை உடை முதுகோடு ஒட்டியிருந்தது, கையில் செருப்பு. பித்தளைத் தகட்டைக் கடந்து வந்து, நோயாளிகள் சாயும் நாற்காலியில் தாமே விழுந்தார். சாய இடமில்லாமல் நின்ற சீல், சிற்பியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தினமும் மூணு தடவை சார்,” என்றார் சிற்பி, மூச்சு வாங்க. “முட்டி போச்சு. பாதிப் பேர் வர்றதே இல்லை. வர்றவங்க ஏறின களைப்புல நான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தூங்கிடறாங்க. இருபது வருஷம் லிஃப்ட் லிஃப்ட்னு சொல்லியிருக்கேன், அதுல பிரேக் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்க. ஒரு லிஃப்டுல பிரேக்கை எப்பதான் விடலாம்?”

இதைக் கேட்டபோது அவர் குரலில் தேனும் இல்லை, அடிவயிறும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற மாதிரி இருந்தது. சீலுக்கு அந்த மனிதரை முதல் தடவையாகப் பிடித்தது.

“முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க,” என்றார். “எல்லாரும் நினைக்கிறாங்க, கரண்ட் வந்தா பிரேக் பிடிக்கும்னு. தப்பு. ஸ்பிரிங்தான் பிடிச்சிருக்கும், எப்பவும். கரண்ட் வந்தாதான் விடும். கரண்ட் போன நிமிஷம் டப்புனு பிடிச்சுக்கணும். அதுதான் பாதுகாப்பு. கரண்ட் இல்லாதப்ப தளர்ந்து கிடக்கிற பிரேக் ஆளைக் கொன்னுடும். என் வாழ்க்கை முழுக்க நான் பாக்கறது இந்த ஒண்ணைத்தான்.”

சிற்பி முட்டியைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

“அப்ப நீங்க தூங்கறது… கரண்ட் போற மாதிரி.”

“சரி.”

“கரண்ட் போன நிமிஷம் உங்க தாடை டப்புனு பிடிச்சுக்குது. சட்டப்படி.”

சீல் தாடையைத் தொட்டுப் பார்த்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில், ஓர் ஆய்வின் முடிவை இன்னொருவர் அவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. பதினான்கு சான்றிதழில் ஒன்றாவது நிஜம் போலிருக்கிறது.

“நான் போய் உங்ககிட்ட விடுங்க விடுங்கன்னு சொல்லிட்டிருந்தேன்,” என்றார் சிற்பி. “பிரேக்கை விடாம பழுது பாக்க முடியாதில்ல? அப்ப என்ன பண்ணுவாங்க?”

“அதுக்கு முறை இருக்கு.” சீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருடைய மைதானம். “ஆளை எல்லாம் இறக்கணும். கூண்டு காலின்னு கண்ணால பாக்கணும். எதிர் எடை தெரியுமா? கூண்டுக்குச் சமமா மறுபக்கம் தொங்கற இரும்பு. அதைக் கீழ குழியில முட்டுக் கொடுத்து உட்கார வைக்கணும். அது உட்கார்ந்துட்டா எதுவும் எங்கயும் ஓடாது. அப்புறம் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டணும். அப்பதான் பிரேக்கைக் கையால திறக்கலாம். அப்ப அது பிடிச்சாலும் ஒண்ணுதான், விட்டாலும் ஒண்ணுதான். அதுக்கு அங்க வேலை இல்லை.”

“எழுதுங்க,” என்றார் சிற்பி, ஒரு தாளை நீட்டி. “ஒவ்வொண்ணா. நான் படிக்கறேன்.”

பதினொரு படி எழுதினார் சீல். கடைசியில் கையெழுத்தும் தேதியும் போட்டார். பிறகு இருவரும் நாற்காலி மாற்றிக்கொண்டார்கள். தண்ணீர் சொட்டும் இசையைச் சிற்பி தாமாகவே நிறுத்தினார்.

கூண்டு காலி. சீல் கண்ணை மூடியபடி தலையசைத்தார். கதவுகள் மூடித் தாழிட்டாச்சு. அசைத்தார். எதிர் எடை மெல்ல இறங்கி, முட்டின் மேல் உட்கார்ந்தது. அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார், தோள் இரண்டும் இறங்கின. மெயின் சுவிட்சை இறக்கியாச்சு. பூட்டியாச்சு. கைவிரல்கள் பிரிந்தன. சிற்பி பத்தாவது படிக்கு வந்தார்.

“சாவியை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.”

தாடை டக்கென்று இறுகியது. சத்தமே கேட்டது.

“உங்ககிட்டயா?” என்றார் சீல், கண்ணைத் திறக்காமல். “பூட்டினவன்கிட்டதான் சாவி இருக்கணும். இல்லாட்டி தகுதியான ஆள்கிட்ட. உங்களுக்கு என்ன லைசென்ஸ் இருக்கு?”

சிற்பியின் கண் சுவர்ப் பக்கம் போனது. பதினான்கையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தது. முன்பு போல் இருந்தால் ஒரு பிரசங்கம் வைத்திருப்பார். ஆறு மாடி அவரைப் பக்குவப்படுத்தியிருந்தது.

“சரி, என்கிட்ட வேணாம். யார்கிட்ட குடுத்தா நீங்க நிம்மதியா நகருவீங்க? இப்ப அவசரமில்ல. யோசிங்க.”

சீல் யோசித்தார். உதவி ஆய்வாளரை நினைத்தார். போன மாதம் மீட்டரைத் தலைகீழாகப் பிடித்தவன். மேலதிகாரியை நினைத்தார், அவர் லிஃப்டில் ஏறவே பயப்படுகிறவர். வரிசையாக ஒவ்வொருவராக வந்து, நின்று, தகுதி இல்லாமல் திரும்பிப் போனார்கள்.

“ஒருத்தி இருக்கா,” என்றார் கடைசியில். “இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டறா. ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதுவும் என்னால வந்தது.”

“அவங்க கையில கொடுங்க.”

ஐந்து நிமிஷம் கழித்துச் சிற்பி குனிந்து பார்த்தபோது ஆய்வாளர் ஆழ்ந்து கிடந்தார். கீழ்த்தாடை, ஆளில்லாத வீட்டுக் கதவு மாதிரி, ஒரு விரல் அளவு சாவகாசமாகத் திறந்திருந்தது. சட்டைக் காலரில் கொஞ்சம் எச்சில். சிற்பி அவரை எழுப்பாமல், தம் முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொல்வதுதான் பெரிய ஆய்வாக இருந்தது. அவள் சீருடையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அப்ப தினமும் ராத்திரி உங்க கற்பனை லிஃப்டுக்கு நான் வாட்ச்மேனா?”

“வாட்ச்மேன் இல்லை. சாவிக்குப் பொறுப்பாளர்.”

“சம்பளம்?”

“தூக்கம்.”

அவள் மடிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். “இத்தனை வருஷத்துல வீட்டு பீரோ சாவியைக்கூட ரெண்டு தடவை சரி பாக்காம என்கிட்ட குடுத்ததில்லை நீங்க.”

“அது பீரோ. அதுக்கு லைசென்ஸ் தேவையில்லை.”

“இந்த வாய்க்குதான் முதல்ல சீல் வைக்கணும்,” என்றாள். ஆனால் அன்று பெட்டியில் துணி எதுவும் கூடவில்லை.

ஒவ்வொரு ராத்திரியும் படுக்கையில் கண்ணை மூடிப் பதினொரு படியையும் அவர் தாமே ஓட்டினார். கூண்டு காலி, எதிர் எடை முட்டின் மேல், சுவிட்ச் பூட்டியாச்சு, சாவி அவளிடம். உதடு சேர்ந்து, பல் விலகி, நாக்கு மேலே. முதல் மூன்று நாள் உறையின் தேய்மானத்தில் பெரிய மாற்றமில்லை. நாலாம் நாள் வெர்னியரை இரண்டு முறை துடைத்துவிட்டு அளந்தார். பாதியாகக் குறைந்திருந்தது. எட்டாம் நாள் அதிலும் பாதி. ஒரு நாள், மேலதிகாரியோடு சண்டை போட்ட நாள், மறுபடி ஏறியது. அதையும் ஒளிக்காமல் சிவப்பு மையில் எழுதினார்.

இடையில் சிற்பியின் கட்டடத்து லிஃப்டுக்குப் புதுப் பிரேக் வந்தது. சீல் போய், மூன்று முறை ஓட்டி, தரைமட்டம் பார்த்து, சான்றிதழ் கொடுத்தார். முட்டி வலி நின்ற வேகத்தில் சிற்பியின் அடிவயிற்றுக் குரல் திரும்பி வந்துவிட்டது. அடுத்த வாரமே பித்தளைத் தகட்டில் ஒரு வரி கூடியிருந்தது: ‘எதிர் எடை முறை ஆழ்மனச் சிகிச்சை: கண்டறிந்தவர்’. சுவரில் பதினைந்தாவது சான்றிதழ். சீல் அதைப் படித்தார். கையெழுத்து யாருடையது என்று பார்த்தார். லிஃப்டில் இறங்கிப் போய்விட்டார். ஏறி இறங்கும் பொருளுக்குத்தான் தம்முடைய அதிகாரம் என்று அவருக்குத் தெரியும்.

முப்பதாம் தேதி வந்தது. மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றாள். ஹாலில் பெட்டி மூடியிருந்தது, பூட்டவில்லை.

“நோட்டெல்லாம் எனக்குப் புரியாது,” என்றாள். “வண்டியை ஓட்டிப் பாத்தாதான் எனக்குத் தெரியும். இன்னிக்கு ஒரு ட்ரிப். சத்தம் வந்துச்சு, காலையில பெட்டியோடதான் டிப்போ.”

“நியாயம்,” என்றார் சீல். ஆய்வுக்கு முந்தின ராத்திரி எத்தனை கட்டட மேலாளர்கள் தூங்காமல் கிடந்திருப்பார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் கூண்டு காலியா என்று பார்த்தார். எதிர் எடையை இறக்கினார். பூட்டினார். பக்கத்தில் படுத்திருந்தவளிடம் நிஜமாகவே கையை நீட்டினார். அவள், இல்லாத சாவியை வாங்கி, தன் தலையணைக்கடியில் வைத்தாள்.

அவர் விழித்தபோது மூக்குக்குக் கீழே ஒரு விரல் இருந்தது. மணி நாலேகால். மனைவி சீருடையில், அவர் மேல் குனிந்து நின்றாள்.

“என்ன?”

“உயிரோட இருக்கீங்களான்னு பாத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அலாரம் அடிச்ச பிறகுதான் நானே எழுந்தேன். அலாரம் அடிச்சு எழுந்து எத்தனை மாசமாச்சு.”

“அப்ப பெட்டி?”

“பெட்டியில என் மழைக்கோட்டு இருக்கு, எடுக்கணும்.” அவள் ஹாலுக்குப் போனாள். ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல துணிகள் நாற்காலியில் விழும் சத்தமும் கேட்டது. ஊசி விழுந்தால் கேட்கும் காது அது; தப்பவில்லை.

திரும்பி வந்தவள் கையில் பழைய ட்ரிப் ஷீட் ஒன்று. பின்பக்கத்தில் நாலு வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். அவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, வழக்கம்போல் முதலில் கையெழுத்தைத்தான் பார்த்தார். ‘தாடை ஒன்று. ஓட்டிப் பார்க்கப்பட்டது. ஓசை இல்லை. இயக்கத் தகுதி உண்டு.’

“எத்தனை நாளைக்குச் செல்லும்னு போடலையே. தேதி இல்லாத சான்றிதழ் செல்லாது.”

அவள் பேனாவை எடுத்து, ‘ஒரு மாதம்’ என்று எழுதினாள். பிறகு தலையணைக்கடியில் கையை விட்டு, எதையோ எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“சாவி. வாங்கிக்கிட்டதுக்கு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. எனக்கு நேரமாச்சு.”

சீல் தேதியும் நேரமும் போட்டு, கையெழுத்திட்டார்.